"முடியாது" என்று நிரூபிப்பதும் அறிவுதான்: காவலர்களும் வீதிகளும் பற்றிய ஒரு கணக்கின் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"எல்லாத்தையும் கம்பியூட்டருக்குப் போட்டா விடை வந்துரும்தானே சேர்" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். பெரியவர்களான நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கணினி எவ்வளவு வேகமானாலும் திணறிப்போகும் கேள்விகள் இருக்கின்றன. அவை செவ்வாய்க் கிரகத்துக்கு ரொக்கட் அனுப்புகிற கேள்விகள் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய சாதாரணக் கேள்விகள். அப்படியான ஒன்றின் கதைதான் இது.

கேள்வி இதுதான்

ஓர் ஊரை மனதில் வரைந்துகொள்ளுங்கள். சில சந்திகள், அந்தச் சந்திகளை இணைக்கும் வீதிகள். ஒரு வீதியில் இரவுக் காவலர் ஒருவரை நிறுத்தினால் அவர் அந்த வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே இருப்பார். ஆகவே அந்த வீதியும், அதன் இரண்டு முனைச் சந்திகளில் வந்து சேரும் மற்ற வீதிகளும் அவருடைய பார்வையில் இருக்கும். ஊரின் ஒவ்வொரு வீதியும் யாராவது ஒரு காவலரின் பார்வையில் இருக்க வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை காவலர்கள் தேவை?

அவ்வளவுதான் கேள்வி. கணிதத்தில் சந்தியை "உச்சி" என்றும் வீதியை "விளிம்பு" என்றும் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்த வலையை "கிராப்" என்பார்கள். சாதாரண தர வினாத்தாளில் x அச்சு, y அச்சு போட்டு நாம் வரையும் வரைபுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நாம் தேடும் வீதிகளின் கூட்டத்துக்கு "விளிம்பு ஆதிக்கத் தொடை" என்று பெயர் வைக்கலாம். தெரிந்தெடுத்த விளிம்புகள் மற்ற எல்லா விளிம்புகளையும் ஆள்கின்றன என்று பொருள்.

சின்ன உதாரணம் ஒன்று பார்ப்போம். அ, ஆ, இ, ஈ என்று நான்கு சந்திகள் ஒரே நேர்கோட்டில். அவற்றுக்கிடையே மூன்று வீதிகள். நடு வீதியில் ஒருவரை நிறுத்தினால் போதும், மூன்றையும் அவர் பார்த்துக்கொள்வார். ஆனால் யோசிக்காமல் முதல் வீதியில் ஒருவரைப் போட்டால், கடைசி வீதி விடுபடும். அதற்கு இன்னொருவர் வேண்டும். ஒருவர் செய்யும் வேலைக்கு இருவர். இந்தச் சின்ன உதாரணத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

"எல்லா விதமாகவும் போட்டுப் பார்த்தால் சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஒவ்வொரு வீதிக்கும் இரண்டே நிலை: காவலர் உண்டு அல்லது இல்லை. ஒரு வீதி கூடினால் பார்க்க வேண்டிய விதங்கள் இரண்டு மடங்காகும். ஒரு செக்கனுக்கு 100 கோடி விதங்களைச் சரிபார்க்கும் கணினி நம்மிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

30 வீதிகள் என்றால் ஏறத்தாழ ஒரு செக்கன்.
40 வீதிகள் என்றால் ஏறத்தாழ 18 நிமிடம்.
50 வீதிகள் என்றால் ஏறத்தாழ 13 நாட்கள்.
60 வீதிகள் என்றால் 36 வருடங்களுக்கும் மேல்.
70 வீதிகள் என்றால் 37,000 வருடங்களுக்கும் மேல்.

70 வீதிகள் ஒரு சின்ன ஊரிலேயே இருக்கும். இன்னும் வேகமான கணினி வாங்கலாம் என்றால், ஆயிரம் மடங்கு வேகமான கணினி வாங்கினாலும் கூடுதலாகப் பத்து வீதிகளைத்தான் சமாளிக்கலாம். அப்படியானால் எல்லாவற்றையும் போட்டுப் பார்க்காமல் விடையைக் கண்டுபிடிக்கும் ஒரு குறுக்குவழி இருக்கிறதா? இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் முழு வரலாறும் நடக்கிறது.

"முடியாது" என்று தொடங்கிய ஒரு துறை

கிராப் கோட்பாடு பிறந்ததே ஒரு "முடியாது" என்ற விடையோடுதான். இன்று ரஷ்யாவில் கலினின்கிராட் என்று அழைக்கப்படும் நகரத்துக்கு அன்று கோனிக்ஸ்பேர்க் என்று பெயர். ஆற்றின் மேல் ஏழு பாலங்கள். ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு தடவை மட்டும் கடந்து நகரத்தைச் சுற்றி வர முடியுமா என்பது கேள்வி. 1735இல் சென் பீட்டர்ஸ்பேர்க் அக்கடமியில் லெயோனாட் ஒய்லர் இதற்கு விடை சொன்னார்: முடியாது. நடந்து பார்த்துக் களைத்துப்போய்ச் சொன்ன விடையல்ல அது. ஒரு நிலப்பகுதிக்குள் வந்தால் வெளியே போகவும் வேண்டும், ஆகவே தொடங்கும் இடத்தையும் முடிக்கும் இடத்தையும் தவிர மற்ற இடங்களிலெல்லாம் பாலங்கள் இரட்டை எண்ணாக இருக்க வேண்டும். கோனிக்ஸ்பேர்க்கில் நான்கு நிலப்பகுதிகளிலும் ஒற்றை எண். எவ்வளவு நடந்தாலும் சரிவராது.

"ஆதிக்கம்" என்ற எண்ணம் வந்தது சதுரங்கப் பலகையிலிருந்து. 1862இல் கார்ல் யேனிஷ் என்ற ரஷ்யச் சதுரங்க ஆய்வாளர் வெளியிட்ட நூலில் ஒரு கேள்வி வருகிறது: 8க்கு 8 பலகையின் எல்லாக் கட்டங்களும் ஆளப்பட ஆகக் குறைந்தது எத்தனை ராணிகள் வேண்டும்? விடை 5. அந்த ஐந்தை 4,860 விதங்களில் வைக்கலாம். நம்முடைய காவலர் கேள்வியின் மூத்த உறவினர் என்று இதைச் சொல்லலாம். இங்கே ராணி கட்டத்தில் நிற்கிறாள், அங்கே காவலர் வீதியில் நிற்கிறார்.

நூறு வருடங்களாக இது பொழுதுபோக்குக் கணக்காகவே இருந்தது. 1958இல் பிரான்சின் குளோட் பேர்ஜ் தன் நூலில் இதை ஒழுங்கான கணிதமாக எழுதினார். 1962இல் நோர்வேயைச் சேர்ந்த ஓய்ஸ்டைன் ஓரே தன்னுடைய நூலில் "ஆதிக்கம்" என்ற பெயரை வைத்தார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

1965: எது "நல்ல" வழி?

இங்கே கதை கணினிப் பக்கம் திரும்புகிறது. ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். ஒரு மேசைக்கு இருவர். யார் யாரோடு உட்காரச் சம்மதிப்பார்கள் என்ற பட்டியல் ஆசிரியரிடம் இருக்கிறது. முடிந்தளவு கூடுதலான சோடிகளைச் சேர்க்க வேண்டும். எப்படிச் செய்வது? எல்லா விதங்களையும் போட்டுப் பார்த்தால் இங்கேயும் ஆயுள் போதாது.

1965இல் அமெரிக்காவின் ஜாக் எட்மண்ட்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூடுதலான சோடிகளைச் சேர்க்கும் வேலையை எல்லா விதங்களையும் பார்க்காமல் விரைவாகச் செய்யும் வழியை அதில் காட்டினார். பிள்ளைகள் இரண்டு மடங்கானால் வேலை எட்டு மடங்கோ பதினாறு மடங்கோ ஆகலாம். ஆனால் ஒரு பிள்ளை கூடும்போதெல்லாம் வேலை இரட்டிக்காது. இதைத்தான் "நல்ல வழி" என்று அழைக்க வேண்டும் என அந்தக் கட்டுரையிலேயே எட்மண்ட்ஸ் வாதாடினார். இன்று கணினி விஞ்ஞானத்தில் "பி" என்ற வகுப்புக்குள் வரும் கேள்விகள் இப்படியான நல்ல வழி உள்ளவை.

இந்த "வழி"க்குத்தான் உலகம் முழுக்க அல்கோரிதம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி அவர்களின் பெயர் இலத்தீனுக்குப் போய் மருவி வந்த சொல் அது. நமது மேடைகளில் இதை அடிக்கடி பெருமையாகச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு நடக்கும் துறையில் கடந்த அறுபது வருடங்களில் என்ன நடந்தது என்று நம் பிள்ளைகளுக்கு யார் சொல்வது? அதற்காகவும்தான் இந்தப் பதிவு.

1971: திருத்துவது இலகு, எழுதுவது கஷ்டம்

ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விடைத்தாளைத் திருத்துவது ஒரு வேலை. விடையைக் கண்டுபிடித்து எழுதுவது வேறு வேலை. காவலர் கேள்வியிலும் அப்படித்தான். "இந்தப் பன்னிரண்டு வீதிகளில் காவலரை வைத்தால் போதும்" என்று ஒருவர் பட்டியல் தந்தால், சரியா என்று சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். இப்படித் திருத்துவதற்கு இலகுவான கேள்விகளின் வகுப்புக்கு "என்.பி." என்று பெயர்.

1971இல் கனடாவின் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஸ்டீபன் குக் ஒரு வியப்பான விடயத்தை நிரூபித்தார். அவருக்கு அதற்கு முன்பு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. அதனால் 1970இல் டொரொன்டோவுக்குப் போனவர். அவர் காட்டியது: தர்க்கக் கூற்றுகள் பற்றிய ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு விரைவான வழி கிடைத்தால், என்.பி. வகுப்பில் உள்ள அத்தனை கேள்விகளுக்கும் விரைவான வழி கிடைத்துவிடும். ஒரே சாவி, எல்லாப் பூட்டும். அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் லெயோனிட் லெவின் தனியாக இதே எண்ணத்துக்கு வந்தார். அவருடைய கட்டுரை 1973இல் வெளியானது. இரும்புத் திரையின் இரண்டு பக்கமும் இருந்த இருவர், ஒருவரையொருவர் அறியாமல், ஒரே கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

1972இல் பெர்க்லியின் ரிச்சர்ட் கார்ப் 21 கேள்விகளை வரிசைப்படுத்தினார். எல்லாம் குக்கின் கேள்வியளவு கடினமானவை என்று காட்டினார். இவற்றுக்குத்தான் "என்.பி. முழுமை" என்று பெயர். ஒன்றுக்கு வழி கிடைத்தால் எல்லாவற்றுக்கும் கிடைக்கும். அப்படி ஒரு வழி உண்டா இல்லையா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் கிளே கணித நிறுவனம் அதற்கு 10 இலட்சம் அமெரிக்க டொலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் அப்படியே இருக்கிறது. வழி இல்லை என்றே பெரும்பாலான அறிஞர்கள் நம்புகிறார்கள்.

காவலர் கேள்வி கார்ப்பின் 21இல் இல்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவு இருந்தது: காவலரை வீதியில் நிறுத்தாமல் சந்தியில் நிறுத்தி, எல்லா வீதிகளையும் காப்பது. அது என்.பி. முழுமை என்று கார்ப் காட்டியிருந்தார்.

1977 முதல் 1980 வரை: இலகுவா, கடினமா?

வீதிக் காவலர் கேள்வி எந்தப் பக்கம்? முதலில் வந்தது நல்ல செய்தி. 1977இல் சாண்ட்ரா மிட்செலும் ஸ்டீபன் ஹெடெட்னியமியும் மரம் போன்ற வலைகளுக்கு, அதாவது சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே சேரும் பாதை இல்லாத வலைகளுக்கு, விரைவான வழி காட்டினார்கள். அதன் உள்ளே இருக்கும் எண்ணம் எளிமையானது. நுனியில் முட்டி நிற்கும் ஒழுங்கையிலே காவலரை நிறுத்துவது வீண். ஒரு படி உள்ளே உள்ள வீதியில் நிறுத்தினால் அந்த ஒழுங்கையும் காக்கப்படும், உள்ளே இருக்கும் வேறு வீதிகளும் காக்கப்படும். இப்படி நுனியிலிருந்து உள்ளே உள்ளே வந்தால் மரம் முழுவதும் முடிந்துவிடும்.

ஆனால் உண்மையான ஊர்களில் வீதிகள் சுற்றி வருகின்றன. அங்கே என்ன? அந்த விடையைத் தந்தவர்கள் மிஹாலிஸ் யன்னகாகிஸ், ஃபனிகா கவ்ரில் என்ற இருவர். யன்னகாகிஸ் ஏதென்ஸில் பிறந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் ஆய்வுப் பட்டம் பெற்று, பெல் ஆய்வுகூடத்தில் சேர்ந்த இளைஞர். அவர்களுடைய கட்டுரை 1980இல் வெளியானது. முடிவு: பொதுவான வலைகளில் இது என்.பி. முழுமை. அதுமட்டுமல்ல, எந்தச் சந்தியிலும் மூன்று வீதிகளுக்கு மேல் சந்திக்காத ஊராக இருந்தாலும் கடினம்தான். மேம்பாலம் எதுவும் இல்லாமல், தாளில் வீதிகள் ஒன்றையொன்று வெட்டாமல் வரையக்கூடிய ஊராக இருந்தாலும் கடினம்தான்.

எப்படி நிரூபித்தார்கள்? சந்திக் காவலர் கேள்வியை எடுத்து, அதை ஒரு வீதிக் காவலர் கேள்வியாக உருமாற்றினார்கள். இதற்கு விடை கிடைத்தால் அதற்கும் விடை கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். அது கடினம் என்று ஏற்கெனவே தெரியும், ஆகவே இதுவும் கடினம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சந்திகளை இரண்டு அணியாகப் பிரித்து, எல்லா வீதிகளும் ஓர் அணியிலிருந்து மற்ற அணிக்கு மட்டும் போகும் வலைகள் உண்டு. அப்படிப்பட்ட வலைகளில் சந்திக் காவலர் கேள்வி இலகு. ஹங்கேரியின் டெனஷ் கோனிக் 1931இலேயே அதற்கு அடித்தளம் போட்டுவிட்டார். ஆனால் அதே வலைகளில் வீதிக் காவலர் கேள்வி கடினமாகவே நிற்கிறது. காவலரைச் சந்தியிலிருந்து எடுத்து வீதியில் நிறுத்தினோம், அவ்வளவுதான். கேள்வியின் குணமே மாறிவிட்டது.

ஒரே வகுப்பறை, இரண்டு கேள்விகள்

இன்னும் ஒன்று. மேசைச் சோடிகளுக்குத் திரும்பி வருவோம். எட்மண்ட்ஸ் கேட்டது: ஆகக் கூடுதலாக எத்தனை சோடிகள்? அது இலகு. இப்போது கேள்வியைக் கொஞ்சம் திருப்புவோம். சோடிகளைச் சேர்த்துக்கொண்டே போகிறோம். ஒரு கட்டத்தில், மீதியாக நிற்பவர்களில் ஒருவரோடொருவர் உட்காரச் சம்மதிக்கும் இருவர்கூட இல்லை. அப்போது நிறுத்துகிறோம். இப்படி நிற்கும் நிலைக்கு ஆகக் குறைந்த சோடிகளோடு வந்து சேர முடிவது எத்தனையில்?

"கூடுதல்" என்ற இடத்தில் "குறைந்தது" என்று வந்திருக்கிறது. இது என்.பி. முழுமை. காரணம், இந்தக் கேள்வியும் காவலர் கேள்வியும் ஒன்றேதான். இரண்டுக்கும் விடையாக வரும் எண் எப்போதும் சமம்.

ஏன் சமம் என்று ஆர்வமுள்ள பிள்ளைகளுக்காக மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆகக் குறைந்த காவலர்களை நிறுத்திவிட்டோம். இருவருடைய வீதிகள் ஒரே சந்தியில் முட்டுகின்றன என்று வைப்போம். அவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் ஏதாவது ஒரு வீதி காவலின்றிப் போக வேண்டும், இல்லாவிட்டால் முதலிலேயே அவர் தேவையில்லாதவர். காவலின்றிப் போன அந்த வீதிக்கே அவரை மாற்றிவிடுங்கள். அவர் முன்பு பார்த்த எல்லா வீதிகளும் இப்போதும் பார்க்கப்படுகின்றன, முட்டலும் நீங்கிவிட்டது. இப்படியே மாற்றிக்கொண்டு போனால் எந்த இரு காவலர்களும் ஒரே சந்தியைத் தொடாத நிலை வரும். அதுதான் சோடிகள்.

கடினம் என்று தெரிந்த பிறகு?

1979இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மைக்கல் கேரியும் டேவிட் ஜோன்சனும் இப்படியான 300க்கும் மேற்பட்ட கடினக் கேள்விகளைத் தொகுத்து ஒரு நூல் வெளியிட்டார்கள். நமது கேள்வியும் அதில் இருக்கிறது. அந்த நூலின் தொடக்கத்தில் வரும் கேலிச்சித்திரம் உலகப் பிரசித்தம். ஓர் ஊழியர் மேலதிகாரியின் அறைக்குள் போகிறார். தனக்கு மூளை போதாததால் வழி கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். அதனால் தனக்குப் பின்னால் நீண்ட வரிசையில் நிற்கும் பெரிய அறிஞர்களைக் காட்டுகிறார்: என்னாலும் முடியவில்லை, இவர்களாலும் முடியவில்லை என்று. சிரிப்புக்காக வரைந்தது. ஆனால் இரண்டு விதமான "முடியவில்லை"க்கு இடையிலான வித்தியாசத்தை அது அழகாகக் காட்டுகிறது. ஒன்று சோர்ந்துபோனவனின் "முடியவில்லை". மற்றது ஆய்ந்து பார்த்தவனின் "முடியாது".

ஆய்ந்து பார்த்தவர்கள் அங்கே நின்றுவிடவும் இல்லை. மிகச் சரியான விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு தூரம் பிழைக்கலாம் என்பதற்கு ஓர் உத்தரவாதமாவது தர முடியுமா என்று கேட்டார்கள். முடியும். வழி மிக எளிது. ஏதாவது ஒரு வீதியில் காவலரை நிறுத்துங்கள். அவர் பார்க்காத வீதி இருந்தால் அதில் இன்னொருவரை நிறுத்துங்கள். பார்க்கப்படாத வீதி இல்லாமல் போகும்வரை இப்படியே செய்யுங்கள். சில நிமிட வேலை. இப்படி வரும் எண்ணிக்கை, மிகச் சிறந்த விடையின் இரண்டு மடங்கைத் தாண்டவே தாண்டாது.

ஏன்? மிகச் சிறந்த திட்டத்தில் உள்ள ஒரு காவலரை எடுங்கள். அவருடைய வீதிக்கு இரண்டே முனைகள். நாம் நிறுத்திய காவலர்களில் எந்த இருவரும் ஒரே சந்தியைத் தொடுவதில்லை. ஆகவே அந்த இரண்டு முனைகளிலும் நம்முடைய ஆட்கள் ஆகக் கூடினால் இருவரே வர முடியும். சிறந்த திட்டத்தின் ஒருவருக்கு நம்மவர் இருவர், அதற்கு மேல் இல்லை. அ, ஆ, இ, ஈ உதாரணத்தில் ஒருவருக்குப் பதில் இருவர் வந்தது நினைவிருக்கிறதா? அதுதான் ஆக மோசமான நிலை.

நிரூபணம் ஐந்தாறு வரிகள். இதைவிடக் கெட்டித்தனமான வழியொன்று சீக்கிரம் வந்து 2 என்ற இந்த எண்ணை நன்றாகக் குறைத்துவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு.

ஒவ்வொரு வீதிக்கும் காவல் செலவு வெவ்வேறாக இருந்தால், இரண்டு மடங்கு என்ற உத்தரவாதத்தை எட்டுவதே பெரும் பாடாக இருந்தது. 2002இல்தான் ஜப்பானின் புஜிடோவும் நகமோச்சியும் அதற்கான வழியை வெளியிட்டார்கள். 2006இல் மிரோஸ்லவ் கிலேபிக், யன்கா கிலேபிகோவா இருவரும் மறுபக்கத்திலிருந்து ஒரு சுவர் எழுப்பினார்கள். பி, என்.பி. இரண்டும் வேறு வேறு என்றால், 6க்கு 7 என்ற விகிதத்தை விடச் சிறந்த உத்தரவாதம் தரும் விரைவான வழியே இருக்க முடியாது என்று நிரூபித்தார்கள். அதாவது 600 பேர் போதும் என்ற இடத்தில் எப்போதும் 700க்குக் குறைவாக முடித்துத் தருகிறேன் என்று எந்த விரைவான வழியாலும் வாக்குக் கொடுக்க முடியாது. 2019இல் போலந்தின் வ்ரொட்ஸ்வாவ் நகரிலிருந்து டூடிட்ஸ், லெவண்டொவ்ஸ்கி, மார்ச்சின்கொவ்ஸ்கி என்ற மூவர் இன்னும் உயரமான சுவரைக் காட்டினார்கள். சுபாஷ் கோட் 2002இல் முன்வைத்த ஓர் ஊகம் உண்மையானால், பொதுவான வலைகளில் 2ஐ விடச் சிறிய எந்த நிலையான எண்ணையும் உத்தரவாதமாகத் தர முடியாது.

அந்த ஊகம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அது சரியென்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். பார்க்கப்படாத வீதியில் ஆளைப் போட்டுக்கொண்டே போ என்ற அந்த எளிய வழிதான், பொது நிலையில் உத்தரவாதம் தரக்கூடிய ஆகச் சிறந்த வழி. பெரிய பெரிய மூளைகள் பல வருடம் முட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை செய்யும் வழியிலேயே வந்து நிற்கின்றன.

நல்ல செய்தியும் உண்டு. மேம்பாலம் இல்லாத ஊர்களுக்கு, அதாவது வீதிகள் ஒன்றையொன்று வெட்டாமல் தாளில் வரையக்கூடிய வலைகளுக்கு, பிரெண்டா பேக்கர் என்ற பெண் அறிஞர் 1983இல் ஒரு வழி சொன்னார். வரைபடத்தை அடுக்கடுக்காக வெட்டித் துண்டுதுண்டாகத் தீர்த்தால், சிறந்த விடைக்கு நாம் விரும்பிய அளவு நெருங்கலாம். கூடுதலாக நெருங்க நெருங்க, கூடுதலான நேரம் கொடுக்க வேண்டும். மிகச் சரியான விடையே வேண்டும் என்பவர்களுக்காக, 2008இல் நெதர்லாந்தின் வான் ரூயும் போட்லண்டரும் ஒரு சந்தி கூடும்போது வேலை 2 மடங்காகாமல் 1.3226 மடங்காக மட்டும் கூடும் வழியொன்றைத் தந்தார்கள். அப்போதும் வேலை பெருகிக்கொண்டேதான் போகும். ஆனால் எட்டும் தூரம் கணிசமாகக் கூடிவிட்டது.

இதில் நமக்கு என்ன?

நம் பிள்ளைகள் கணிதத்தை எப்படிப் படிக்கிறார்கள்? ஒரு கேள்வி, ஒரு விடை, புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைப்பட்டியல். டியூசனில் அதற்கு ஒரு குறுக்குவழி. விடை வராவிட்டால் "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். "கணக்கு நமக்குச் சரிவராது" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறோம். எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள், முக்கியமாக எத்தனை பெண் பிள்ளைகள், உயர்தரத்தில் கணிதப் பிரிவின் பக்கமே திரும்பிப் பார்க்காமல் போவதற்கு இந்த ஒரு வசனம் காரணமாக இருக்கிறது!

மேலே சொன்ன வரலாற்றில் அப்படி ஒரு ஆளைக்கூட நாம் காணவில்லை. ஒய்லர் "முடியாது" என்றார், அதிலிருந்து ஒரு துறை பிறந்தது. ஒரு பல்கலைக்கழகம் வேண்டாம் என்று விட்டவர் வேறு நாட்டில் போயிருந்து கணினி விஞ்ஞானத்தின் மிகப் பெரிய கேள்வியை எழுப்பினார். யன்னகாகிஸும் கவ்ரிலும் விடையைக் கண்டுபிடிக்கவில்லை, விடை ஏன் கிடைக்க மறுக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பின் வந்தவர்கள், முழுமையாக முடியாவிட்டால் எந்தளவு முடியும் என்று அளந்து சொன்னார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது நமது மார்க்க அறிஞர்கள் போற்றி வளர்த்த பண்பு. எது தெரியும், எது தெரியாது, எது தெரியவே முடியாது என்று கோடு கிழித்துக் காட்டுவதும் அதே பண்பின் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு விடை வருகிற காலம் இது. வருகிற விடை மிகச் சரியானதா, இரண்டு மடங்குக்குள் சரியானதா, வெறும் ஊகமா என்று கேட்கத் தெரிந்த பிள்ளைதான் நாளைக்குப் பிழைத்துக்கொள்ளும். அந்தக் கேள்வியைக் கேட்கச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியர்களுடைய வேலை மட்டுமல்ல, வீட்டுப் பெரியவர்களுடைய வேலையும்கூட.

பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு பயிற்சி. ஒரு தாளில் மூன்று வரிசையாக, வரிசைக்கு மூன்று புள்ளி வீதம் 9 புள்ளிகள் வையுங்கள். பக்கத்துப் புள்ளிகளைக் குறுக்காகவும் நெடுக்காகவும் கோடு போட்டு இணையுங்கள், மூலைவிட்டம் வேண்டாம். 9 சந்திகள், 12 வீதிகள் உள்ள ஊர் கிடைக்கும். 3 காவலர்கள் போதும். எந்த மூன்று வீதிகள் என்று பிள்ளை கண்டுபிடிக்கட்டும். அதன் பிறகு இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்: 2 பேர் ஏன் போதாது? ஒவ்வொரு வீதியிலிருந்தும் எத்தனை வீதிகள் தெரியும் என்று எண்ணிப் பார்த்தால் வழி பிறக்கும்.

முதல் கேள்விக்கு விடை சொல்லும் பிள்ளைக்கு ஒரு சபாஷ். இரண்டாவதற்குக் காரணம் சொல்லும் பிள்ளைக்கு இரண்டு சபாஷ். உங்கள் பிள்ளைகள் சொன்ன காரணத்தை அவர்களுடைய வார்த்தையிலேயே கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ் எல்லாவற்றையும் வாசித்துப் பதில் எழுதுவேன்.